ஆயிரத்தில் வைத்த மீட்டர்

ஆதிகேசவனை 'அவர்' என்று சொல்ல என் வாய் வராது. என்னைவிட வயதில் மூத்தவன், நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரன், நேரில் பார்த்தால் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவேன். அதெல்லாம் வாய்க்கு மட்டும். மனசுக்குள் அவன் 'அவன்'தான்.

முதன்முதலில் பார்த்தபோது அவன் காது குடைந்துகொண்டிருந்தான். எதால் என்கிறீர்கள்? மல்டிமீட்டரின் சிவப்பு ஒயர் முனையால். நானும் என் வீட்டுக்காரர் தாஸும் கோலார் தங்கவயலை விட்டு வந்து, மர்பி டவுனில் அவனுடைய காம்பவுண்டில் மாடி வீடு காலியாக இருக்கிறதென்று பார்க்கப் போயிருந்தோம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கம்பியைக் காதுக்குள் விட்டுத் திருகினான். வெளியே எடுத்தான். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து ரசித்தான். லுங்கியில் துடைத்துவிட்டு அதே கையால் வீட்டுச் சாவியை நீட்டினான். நான் சாவியை முந்தானையால் வாங்கினேன். எனக்கு அன்றைக்கு நாஷ்டாவே இறங்கவில்லை.

மற்றவர்களுக்கு அது வெறும் காது. எனக்கு அப்படி இல்லை. லிங்கராஜபுரத்தில் ஸ்டெபிலைசர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு டெஸ்டிங் வேலை. நாள் முழுக்கக் கையில் மீட்டர்தான். எங்கள் சூப்பர்வைசர் சந்திரசேகரன் காலையில் வந்ததும் ஒயர்களை வளைத்துப் பார்க்கச் சொல்லுவார். எங்காவது வெடிப்பு இருந்தால் அந்த ஒயர் அப்போதே குப்பைக்கு. முனையைப் பிடிக்கும்போது விரல் அந்த பிளாஸ்டிக் வளையத்துக்குப் பின்னாலேயே இருக்க வேண்டும். ஆம்பியர் பார்த்து முடித்தவள் சிவப்பு ஒயரை ஆம்பியர் ஓட்டையிலிருந்து பிடுங்கி வோல்ட் ஓட்டையில் செருகிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். ஒருத்தி மறந்துபோய் எழுந்தாள். அடுத்து வந்தவள் பார்க்காமல் அதை அப்படியே பிளக்கில் வைத்தாள். படார்! முனை உருகி பெஞ்சில் ஒழுகியது. அந்தக் கறுப்புத் தழும்பு அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் நாங்கள் டிபன் பாக்ஸைத் திறப்போம்.

அப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால், கீழே இவன் அதை வைத்துக் காது குடைந்துகொண்டிருப்பான்.

ஆதிகேசவன் மர்பி டவுனிலேயே பிறந்து வளர்ந்தவன். அல்சூர் பக்கம் ஒரு கடையில் மோட்டார் காயில் கட்டக் கற்றுக்கொண்டு, முதலாளியோடு சண்டை போட்டு வெளியே வந்தவன். அப்புறம் வீட்டிலேயே மிக்ஸி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார் என்று கையில் கிடைத்ததைப் பிரிப்பான். பாதியைத் திரும்ப மாட்டுவான், மீதி ஒரு டப்பாவில் கிடக்கும். 'இது எக்ஸ்ட்ரா பார்ட்டு, கம்பெனிக்காரன் சும்னே வெச்சிருக்கான்' என்பான். மிக்ஸி கொடுத்தவர்கள் அதையும் நம்பிக்கொண்டு போனார்கள்.

தொண்ணூற்றேழிலோ எட்டிலோ, எலக்ட்ரிக் சாமான் கடைகள் இருக்கிற எஸ்.பி. ரோட்டுக்குப் போய் முதல் மீட்டரை வாங்கி வந்தான். காம்பவுண்டில் எல்லாரையும் கூப்பிட்டு வைத்து, மீட்டரின் திருகை, ஒயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் இடத்தில் வைத்தபடியே பிளக்கில் குத்தினான். புகை வந்தது. கடைக்காரனிடம் திருப்பிக் கொண்டுபோனபோது, 'எப்பவும் பெரிய நம்பர்ல இருந்து ஆரம்பிக்கணும்பா' என்று அந்த ஆள் சொல்லி அனுப்பியிருக்கிறான். நல்ல வார்த்தைதான். அதை இவன் மந்திரம் மாதிரி பிடித்துக்கொண்டான். மீட்டர் முகப்பில் வோல்ட்டுக்கு இருப்பதிலேயே பெரிய நம்பர் ஆயிரம். அதற்கப்புறம் வாங்கிய மஞ்சள் மீட்டரின் திருகு அந்த ஆயிரத்தை விட்டு நகர்ந்ததே இல்லை.

ஸ்கூட்டர் பேட்டரியில் வைத்தால் பன்னிரண்டு காட்டும். 'சரியா காட்டுது பார்' என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வான். பிளக்கில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் பல்பு ஹோல்டரைச் செருகிப் பார்ப்பான். முன்னால் வைத்திருந்த டெஸ்டரைத் தூக்கிப் போட்டுவிட்டான். அது கூலிக்காரன் வைத்துக்கொள்வதாம். மீட்டரை ரெக்ஸின் பையில் போட்டு இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போவான், சாவுக்குப் போவான். மீட்டர் கேசவன் என்று பெயரே வந்துவிட்டது. சிவப்பு ஒயர் நடுவில் வெடித்துச் செம்பு பல்லைக் காட்டியது. அதற்கு ஒரு பேண்டெய்ட் சுற்றியிருந்தான். புதுசுகூட இல்லை. அவன் கட்டைவிரலிலிருந்து பிரித்த பழசு. சீ!

அவன் மனைவி பாகீரதி. நல்ல உழைப்பாளி, அதிகம் பேசமாட்டாள். நான் சீக்கிரமே பஸ் பிடித்துப் போய்விடுவேன் என்பதால் எங்கள் குடங்களையும் சேர்த்து அவள்தான் பிடித்து வைப்பாள். எங்களுக்கு கார்ப்பரேஷன் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். வரும் என்பது பேச்சுக்குத்தான். குழாயோடு மோட்டாரை மாட்டி உறிஞ்சாவிட்டால் வெறும் காற்றுதான் வரும். தெருவில் எல்லார் வீட்டிலும் இதே கதை. எங்கள் காம்பவுண்டு மோட்டார் கிழடு. உடம்பை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சொம்புத் தண்ணீரை அதன் வாயில் ஊற்றினால்தான் இழுக்க ஆரம்பிக்கும். அந்த இடம் எப்போதும் ஈரக் கல். அங்கே பெண்கள் யாரும் செருப்புப் போடக் கூடாது என்பது ஆதிகேசவன் போட்ட சட்டம்.

"குடிக்கிற தண்ணி பிடிக்கிற எடம் இது. எவளாவது செருப்போட வந்தீங்க, கால ஒடிச்சிடுவேன்!" என்று கத்துவான். கத்தும்போது அவன் காலில் நீல ரப்பர் செருப்பு இருக்கும். கேட்டால், "நானா தண்ணி பிடிக்கிறேன்?" என்பான்.

மழைக்காலம் ஆரம்பித்ததும் மோட்டார் கடிக்க ஆரம்பித்தது. "என்னாங்க, கைய வெச்சா சுருக்குன்னுது" என்று பாகீரதி சொன்னாள். அவன் பெல்ட்டிலிருந்து மீட்டரை உருவினான். ஒரு முனையை மோட்டார் உடம்பில் வைத்தான், இன்னொன்றை இரும்புக் குழாயில் வைத்தான்.

"பாத்துக்கோ. சைபர். மோட்டார் ஒடம்புல கரண்ட் இல்ல, ஒன் நரம்புலதான் கோளாறு."

சொன்னதோடு விட்டானா? டாக்டரிடம் கூட்டிப்போனான். கை மரத்துப்போகிறது, சுருக்கென்கிறது என்று இவனே அவள் சார்பில் பேசினான். மோட்டார் என்ற வார்த்தையே அந்த அறையில் வரவில்லை. டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். கரண்ட் அடித்ததற்கு அந்தப் பாவப்பட்ட பெண் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை விழுங்கினாள். எனக்கு இந்த விஷயம் அப்புறம்தான் தெரியவந்தது.

அப்புறம் பின்கட்டில் இருந்த ருக்குவுக்கும் அடித்தது. அவள் சின்னப் பெண், பயந்து அலறிவிட்டாள். "ஒருத்தி சொன்னா ஒடனே இன்னொருத்திக்கும் அடிக்குமே, பொம்பளைங்க சமாச்சாரமே இதான்" என்றான். எதிர்வீட்டு ரங்கநாதன் ஏதோ ஆபீசில் கிளார்க். எல்லாவற்றிலும் தலையை விடுகிறவர். அவரும் ஆமாம் போட்டார்.

"முள்ளு மீட்டர்னாகூட சந்தேகம் வரலாம்மா. இது டிஜிட்டல். நம்பர் பொய் சொல்லாது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே மாடியிலிருந்து பார்த்தேன். பாகீரதி முந்தானையை நாலு மடிப்பாக மடித்துக் கையில் சுற்றிக்கொண்டு, தேள் இருக்கிற சட்டியைத் தொடுகிற மாதிரி மோட்டாரைத் தொட்டாள். கீழே இறங்கிப்போய் என்னக்கா என்று கேட்டேன். சொன்னாள். என் சத்தம் கேட்டு ஆதிகேசவன் வந்து, எனக்காக இன்னொரு தரம் சைபர் காட்டினான். நான் சைபரைப் பார்க்கவில்லை, திருகைப் பார்த்தேன்.

"அண்ணே, எதுல வெச்சிருக்கீங்க?"

"ஆயிரத்துல."

"எந்தப் பக்கம்?"

"இன்னா சிஸ்டர், ஆயிரம்னா ஆயிரம். அதுல என்ன ரைட்டு லெஃப்ட்டு?"

"இருக்குதுண்ணே. நேர் கோடு போட்ட பக்கம் பேட்டரிக்கு. வீட்டு கரண்டுக்கு அலை மாதிரி கோடு போட்ட பக்கம் வரணும். அங்க பெருசே எழுநூத்தம்பதுதான். பேட்டரி பக்கம் வெச்சா வீட்டு கரண்ட் எவ்ளோ இருந்தாலும் சைபர்தான் காட்டும்."

அவன் ரங்கநாதனைப் பார்த்துச் சிரித்தான். "கேட்டீங்களா சார்? ஆயிரத்த அளக்குறது எழுநூத்தம்பத அளக்காதாம்!"

ரங்கநாதன் விழுந்து விழுந்து சிரித்தார். நான் விடவில்லை. "சரி, மொதல்ல கரண்ட் இருக்கிற பிளக்குல வெச்சு, மீட்டர் சரியா சொல்லுதான்னு பாருங்க. அப்புறம் மோட்டார பாருங்க. பாத்துட்டு திரும்பவும் பிளக்குல பாருங்க. நாங்க கம்பெனில அப்படித்தான் செய்றோம்" என்றேன்.

"மீட்டரையே டெஸ்ட் பண்ணணுமா? அப்புறம் அத டெஸ்ட் பண்ண இன்னொரு மீட்டரா? போ சிஸ்டர், பேஜார் பண்ணாத" என்று பைக்குள் போட்டு பட்டனை அழுத்திக்கொண்டான். கம்பெனி மீட்டரை கேட்டுக்கு வெளியே கொண்டுவர விடமாட்டார்கள். நான் பாகீரதியைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, அதத் தொடாத. போய்ச் சேந்துடுவ" என்றேன். "தண்ணிய யாரும்மா பிடிக்கிறது?" என்றாள். செருப்பாவது போட்டுக்கொள் என்றேன். "போட்டா அந்தாளு ஊரக் கூட்டுவாரு" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இப்படியே ஆயுத பூஜை வந்தது.

அன்றைக்கு எனக்கு லீவு. முந்தின நாள் நல்ல மழை. கல் பளபளவென்று நனைந்து கிடந்தது. ஆதிகேசவன் குளித்து, வேட்டி கட்டி, வெறும் காலோடு வந்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தான். ஸ்பேனருக்குச் சந்தனம், மோட்டாருக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி. மீட்டருக்குத் தனியாக ஒரு மணை போட்டு, நம்பர் தெரிகிற கண்ணாடிக்கு நடுவிலேயே பெரிய குங்குமப் பொட்டாக வைத்திருந்தான். பொரியும் கடலையும் கொடுக்கப்போகிறானென்று காம்பவுண்டே கூடிவிட்டது. தண்ணீரும் அந்த நேரம் பார்த்து வந்தது.

"பாகீரதி, பூஜை பண்ண மோட்டார மொதல்ல நீ போடு" என்றான்.

அவள் மோட்டாரைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். நல்ல நாளில் எதுவும் பேச வேண்டாமென்று நினைத்திருப்பாள். சொம்பை எடுத்துக்கொண்டு ஈரக் கல்லில் ஏறினாள். ருக்கு சுவிட்சைப் போட்டாள். பாகீரதி இடது கையை மோட்டார் மேல் வைத்து, வலது கையால் தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் வழிந்து அவள் கையெல்லாம் நனைந்தது.

அவள் கத்தவில்லை. அதுதான் பயங்கரம். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கை அந்த மோட்டாரை விடவில்லை. சொம்பு விழுந்து உருண்டது. நான் அவளைத் தொடவில்லை. தொட்டால் நானும் சேர்ந்து போயிருப்பேன். ருக்குவை இடித்துத் தள்ளிவிட்டு சுவிட்சை அணைத்தேன். பாகீரதி பொத்தென்று கல்லில் விழுந்தாள்.

நானும் ருக்குவும் ஓடிப்போய் அவளைத் தூக்கிச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தோம். மூச்சு இருந்தது. முழங்கையில் ரத்தம். உள்ளங்கை சிவந்து கிடந்தது. கை தானாக உதறிக்கொண்டிருந்தது. புருஷன் எங்கே என்று திரும்பிப் பார்த்தேன். விழுந்தவளைத் தூக்க அவன் வரவில்லை. மணையிலிருந்து மீட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். த்தூ! என்ன மனுஷனோ.

அவனே சுவிட்சைப் போட்டான். மோட்டார் உறுமியது. கல்லின் ஓரத்தில் ஈரம் படாத இடமாகப் பார்த்து நின்று, எட்டி முனைகளை வைத்தான். கண்ணாடியிலிருந்த குங்குமத்தைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு எல்லாருக்கும் காட்டினான்.

"பாருங்க. நல்லா பாருங்க எல்லாரும். சைபர்! மாத்திரைய ஒழுங்கா சாப்பிட்டாதானே? நல்ல நாளும் அதுவுமா மானத்த வாங்குறா."

"பாவம், வீக்னஸ்" என்றார் ரங்கநாதன்.

நான் வாயைத் திறப்பதற்குள் சுவரோரத்திலிருந்து குரல் வந்தது. மெதுவான குரல்தான்.

"சைபர்தானே? நீங்க தொடுங்க."

அவன் திரும்பினான். "இன்னா?"

"கரண்ட் இல்லதானே. நீங்க தொடுங்க."

"ஏய், சும்மா கெட."

"தொடுங்க."

கூட்டம் முழுக்க அவனைப் பார்த்தது. பொரிக்கு நின்ற பிள்ளைகள்கூடப் பார்த்தார்கள். நான் போய் சுவிட்சின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு வெறுப்பு இருந்தாலும் சாக விட முடியுமா? அவன் மீட்டரைப் பார்த்தான். அதில் இன்னும் சைபர்தான். ஈரக் கல்லைப் பார்த்தான். அப்புறம் குனிந்து தன் வெறும் காலைப் பார்த்தான். திரும்பி வாசற்படிக்குப் போய், அங்கே கழற்றிவிட்டிருந்த நீலச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தான்.

 மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மீட்டரை நம்பச் சொல்லி ஊருக்கே காட்டியவன், தன் உடம்பு என்று வந்ததும் ரப்பர் செருப்பைத் தேடிப் போயிருந்தான். அப்படியென்றால் இத்தனை நாளும் உள்ளுக்குள் அவனுக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. 

"செருப்பக் கழட்டுங்க" என்றாள் பாகீரதி. "குடிக்கிற தண்ணி பிடிக்கிற எடம்."

அவன் கழற்றவில்லை, தொடவும் இல்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றான். நான் அவன் கையிலிருந்த மீட்டரை வாங்கினேன். அந்த பேண்டெய்ட் ஒயரை என்னால் தொட முடியாது. அதைக் கொண்டு வீட்டு கரண்டைப் பார்க்கவும் கூடாது. புகைந்துபோன முதல் மீட்டரின் ஒயர்கள் அலமாரியில் இருக்குமென்று ருக்குவை அனுப்பினேன். நல்லவேளை, அவை வெடிப்பில்லாமல் இருந்தன. கறுப்பைப் பொது ஓட்டையிலும் சிவப்பை வோல்ட் ஓட்டையிலும் செருகி, காய்ந்த தரையில் என் செருப்போடு நின்றுகொண்டு, முதலில் அவன் வைத்த ஆயிரத்திலேயே பக்கத்து பிளக்கில் வைத்தேன். சைபர்.

ரங்கநாதன் எட்டிப் பார்த்தார். "பிளக்குலயும் சைபரா? அப்போ மோட்டார் எதுல ஓடுது?"

"அதுக்குத்தான் சார் அன்னிக்கே மொதல்ல பிளக்குல பாக்கச் சொன்னேன்" என்றேன்.

முனைகளை எடுத்துவிட்டுத் திருகை அலைக்கோட்டுப் பக்கம் எழுநூற்றைம்பதுக்குத் திருப்பினேன். மறுபடி பிளக்கில் வைத்தேன். இருநூற்று இருபத்தெட்டு. விரல்களை வளையத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மோட்டார் உடம்பிலும் குழாயிலும் வைத்தேன். நூற்று அறுபத்து நான்கு. திரும்பவும் பிளக்கில் வைத்து மீட்டர் உயிரோடுதான் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டேன். சுவிட்சை அணைத்து, மோட்டார் பிளக்கைப் பிடுங்கித் திறந்தோம். எர்த்துக்குப் போக வேண்டிய பச்சை ஒயரை அடியோடு வெட்டி டேப் சுற்றியிருந்தது.

"அடிக்கடி ஃப்யூஸ் போச்சு. அதான்" என்றான் ஆதிகேசவன். மோட்டாரில் கசிகிற கரண்டை அந்த ஒயர் மண்ணுக்கு இழுத்ததால்தான் ஃப்யூஸ் போனது என்று அந்த மண்டைக்கு யோசிக்கத் தோன்றவில்லை. கத்தரியால் வெட்ட மட்டும் தோன்றியிருக்கிறது.

"அய்யய்யோ, நூத்தி அறுபத்து நாலா!" என்று ரங்கநாதன் பாகீரதி பக்கம் போய், "எப்பேர்ப்பட்ட கண்டத்துல தப்பிச்சிருக்கீங்கம்மா" என்று உருகினார்.

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "நான் சொன்னப்ப வீக்னஸ்னீங்க. இப்ப நம்பர் சொன்னதும் கண்டமா சார்?" என்று கேட்டுவிட்டு, ருக்குவின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். ரங்கநாதன் பொரிகூட வாங்காமல் நழுவினார்.

மோட்டாரை வேறு கடையில் கொடுத்து, காயில் மாற்றி, பச்சை ஒயரைச் சேர்த்து எர்த் கொடுத்தாயிற்று. பெண்கள் எல்லாரும் செருப்போடுதான் தண்ணீர் பிடிக்கிறோம். ஆதிகேசவன் வாயே திறப்பதில்லை. பாகீரதி மாத்திரைகளைக் குப்பையில் போட்டுவிட்டாள். ஆனால் ஒன்று மட்டும் அவள் விடவில்லை. தண்ணீர் வருகிற நாளெல்லாம் மோட்டாரைப் போட்டுவிட்டு அவனைக் கூப்பிடுவாள். அவன் வர வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு வர வேண்டும். அவன் தொட்ட பிறகுதான் அவள் தொடுவாள்.

லீவு நாளில் நான் மாடியிலிருந்து பார்ப்பேன். அவன் புது ஒயர்களை வளைத்து வளைத்துப் பார்க்கிறான். திருகு அலைக்கோட்டுப் பக்கம் எழுநூற்றைம்பதில் இருக்கிறதா என்று இரண்டு தரம் குனிந்து பார்க்கிறான். விரல் வளையத்துக்குப் பின்னால் இருக்கிறது. முதலில் பிளக், அப்புறம் மோட்டார், திரும்பவும் பிளக். எங்கள் பெஞ்சில்கூட இவ்வளவு சுத்தமாக யாரும் செய்வதில்லை. நான் அன்றைக்குச் சொன்னது ஒரு எழுத்து விடாமல் அவன் மண்டையில் ஏறித்தான் இருந்திருக்கிறது. கருமம்.

எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, வெறும் காலோடு ஈரக் கல்லில் நின்றுகொண்டு அவளைத் திரும்பிப் பார்ப்பான். பாகீரதி இடுப்பில் குடத்தோடு காத்திருப்பாள்.

"தொடுங்க" என்பாள்.